ஏழாம் பக்கத்து நீலக் கோடு

1

இந்தக் கதை ஒரு நீலக் கோட்டிலிருந்து வந்தது. எங்கள் வட்டாரப் பத்திரிகை, மே மாத இதழ், ஏழாம் பக்கம், மூன்றாவது பத்தி. அங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அதன்மேல் கோடு போட்டவர்களில் நானும் ஒருவன். அதைவிட நல்லதாக ஒரு வாக்கியம் நான் இதுவரை எழுதியதில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை விட்ட மாலையில், லினெட் ஜன்னலருகே நின்று மலையைப் பார்த்து—"

இல்லை. மழை விடவில்லை. அவள் ஸ்டேப்ளர் தேடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தொடக்கம்: மாதத்தின் கடைசி வியாழன், மாலை ஆறு மணிக்கு, சேப்பல் என்ற எங்கள் சிறு தேவாலயத்தின் பின்கூடத்தில் பத்திரிகை மடிக்கக் கூடுவோம். அச்சகத்திலிருந்து தாள்கள் தனித்தனியாக வரும். அடுக்கி, மடித்து, முள் அடிக்க வேண்டும். நானூற்று முப்பது பிரதிகள். கூலி, தேநீரும் திராட்சை ரொட்டியும்.

இதுவே இருக்கட்டும்.

லினெட் அந்தப் பத்திரிகையில் பதினோரு வருடமாக இயற்கைப் பத்தி எழுதுகிறாள். நடமாடும் நூலக வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். (அவளைத் தனிமையில் வாடும் பெண்ணாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவள் தனியாக வாழ்கிறாள். வாட்டம் என்னுடைய சேர்க்கை.)

3

அந்த வசந்தத்தில், ஆடு வளர்க்கும் ஐரோவின் புல்வயலில் ஒரு கில்வினிர் முட்டையிட்டிருந்தது. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுள்ள பறவை. எங்கள் பள்ளத்தாக்கில் அது கடைசியாகக் கூடு கட்டி ஒன்பது வருடமாகியிருந்தது. குஞ்சுகள் நடக்கும்வரை புல் வெட்டுவதில்லை என்று ஐரோவ் முடிவு செய்தான். கூட்டை லினெட்டுக்கு மட்டும் காட்டினான். எழுதலாம், இடத்தை மட்டும் சொல்லக் கூடாது என்றான்.

அவள் சொல்லிவிட்டாள்.*

* வேண்டுமென்று அல்ல. எங்கள் ஊரில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரை விட்டுவிட்டு வயலைப் பற்றிப் பேச எங்களுக்கு வராது. நானே இந்தப் பகுதியின் முதல் வரைவில் அந்தப் பெயரை எழுதி, அடித்தேன்.

4

மே இதழ் மடிக்கக் கூடிய மாலையில், ஐரோவ் ஏழாம் பக்கத்தைக் கையில் வைத்தபடி நின்றான்.

"மடிக்க வந்தியா, படிக்க வந்தியா?" என்றாள் மைனிர். மடிப்பு வேலைக்கு அவள்தான் அதிகாரி.

"லினெட், வயல் பேரப் போட்டுட்டீங்களே."

"நானா? எங்க?"

தாளை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"போன வருஷம் ஆந்தைக் கூடு இருக்குன்னு ஒருத்தர் வாய விட்டாரு. அதப் பாக்கப் பதினோரு கார் வந்துச்சு. ஆந்தை கூட்டையே விட்டுட்டுப் போயிடுச்சு," என்றான் ஐரோவ். கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"மறுபடி அச்சடிச்சா?" என்றேன்.

"அச்சகத்துக்காரரு ஸ்பெயின்ல வெயில் காயுறாரு. காலைல எல்லாம் கடைக்குப் போகணும்," என்றாள் மைனிர்.

"அப்ப அந்தத் தாளையே எடுத்துடலாம்," என்றேன்.

"அதுக்குப் பின்பக்கம் என் மகன் கல்யாணப் போட்டோ இருக்கு. எடுத்துப் பாரு, தெரியும் சேதி," என்றாள் அவள்.

லினெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த வரிய அடிச்சுடலாம்."

"பேர மட்டும் அடிச்சாப் போதாதா?" என்றேன். எனக்கு அந்த வாக்கியம் வேண்டியிருந்தது.

"போதாது. ஓடை, வேலி, முள்மரம் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. மீதிய வச்சே கண்டுபிடிச்சுடுவாங்க. நல்லா எழுதித் தொலைச்சிட்டேன்."

கூடத்தில் இருந்த இரண்டு மார்க்கரும் காய்ந்து போயிருந்தன. ஐரோவ் மழையில் தன் வண்டிக்கு ஓடி, ஆட்டுக்குக் குறி போடும் நீலச் சாயக் குச்சிகளை அள்ளிக்கொண்டு வந்தான்.

"கழுவினாலும் போகாது. சந்தேகம்னா என் ஆடுங்களக் கேளுங்க."

முதல் கோட்டை லினெட் போட்டாள். பிறகு எட்டுப் பேரும் போட்டோம். மடித்து வைத்ததைப் பிரித்துக் கோடு போட்டோம். வெளியூருக்கு ஒட்டி வைத்த உறைகளைக் கிழித்துக் கோடு போட்டோம். தேநீர் ஆறியது. விரல்கள் நீலமாயின. யாரும் அவளிடம் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

கிளம்பும்போது ஐரோவ் கடைசித் துண்டு ரொட்டியை அவள் தட்டில் வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்க பாத்தப்ப மூணு முட்டைதானே? இப்ப நாலு."

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) நான்கும் பொரிந்தன. குஞ்சுகள் உயரமான புல்லுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக—

ஆ) நரி வந்தது. ஐரோவ் வேலியருகே நின்று—

இரண்டையும் எடுத்துவிட்டேன். அந்தப் பறவை அடுத்த வருடமும் அதே வயலைத் தேடி வரக்கூடியது. பொரிந்தன என்று சொன்னால் நீங்களும் தேடி வருவீர்கள். பொரியவில்லை என்று சொன்னால், ஐரோவ் வெட்டாமல் விட்ட புல்லை வீண் என்பீர்கள். எதுவானாலும் அது வீண் இல்லை.

எனக்குச் சொல்ல இருப்பது நன்றி மட்டும். ஒரு வாக்கியத்தை எட்டுப் பேர் இவ்வளவு பொருட்படுத்தி நான் பார்த்ததில்லை. அந்த எட்டில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

பின்குறிப்பாக ஒன்று. வெளியூருக்கான உறைகளில் ஒன்று நாங்கள் பிரிக்காமலே தபாலில் போய்விட்டதாக மைனிர் பிறகு சொன்னாள். யாருக்குப் போனது என்று தெரியவில்லை.

அது உங்களிடம் இருந்தால்: ஏழாம் பக்கம், மூன்றாவது பத்தி. ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். நல்ல வாக்கியம்.

வீட்டில் ஒரு பேனா இருக்கும்.