ஐந்தாவது போர்ட்டில் இருந்த பற்கள்

என் தொழில் பல். பிடுங்குவது இல்லை, செய்வது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து நான் கம்ப்யூட்டரில் செயற்கைப் பல்லை வடிவமைப்பேன். லேபில் உள்ள இயந்திரம் அதை அப்படியே கடைந்து கொடுக்கும். சில வருஷமாக வீட்டிலிருந்தே செய்கிறேன். சமையலறைக்கும் துணி காயும் பால்கனிக்கும் நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் கம்ப்யூட்டர். யார் எங்கே போவதென்றாலும் என் நாற்காலியை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது. அதில் இரண்டு டிஸ்க். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் என் பற்கள். அந்த இரண்டாவதுதான் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கடைவாய்ப்பல்லைத் திறக்கச் சொன்னால், அது உறுமி, யோசித்து, திறப்பதற்குள் நான் எழுந்து போய் சாதத்தை வடித்துவிட்டே வந்துவிடலாம். வேலை இரண்டு தடவை தாமதமானதும் லேப் மேடம் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா வீட்லேருந்து பண்றதெல்லாம் சரிவராதும்மா. கிளம்பி இங்க வந்து உக்காந்து பண்ணு."

லேப் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். நான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் இந்த வீடு என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. அதனால் பற்களுக்குப் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி., அதாவது வேகமான டிரைவ், வாங்குவது என்று முடிவானது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலையைப் பற்றி யார் முதலில் கேள்வி கேட்கிறார்களோ, அந்த வேலை அவர்கள் தலையில் விழும். "பால் தீந்துடுச்சா?" என்று கேட்டவர்தான் செருப்பை மாட்ட வேண்டும். "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்று கேட்டவர்தான் புக் பண்ண வேண்டும். யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது, எழுதாத சட்டமாகிவிட்டது. குளியலறை பல்பு போய் ஒரு மாசத்துக்கு மேலாகிறது. மூன்று பேரும் இருட்டில்தான் குளிக்கிறோம். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

"வாங்கப்போறது நம்ம மதர்போர்டுக்குப் பொருந்துமா?" என்று வாய் தவறிக் கேட்டது நான்தான்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதி லிஃப்ட் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்குகிறது. வீட்டுக்கு வந்தால் மட்டும் அவரை சோபாவிலிருந்து அசைக்க முடியாது. டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயே பாத்துடேன்" என்றார். கல்லூரியில் படிக்கும் மகள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

பார்த்தேன். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உள்ளிருந்து வந்த தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மதர்போர்டில் எங்கேயோ பொடி எழுத்தில் அச்சடித்திருந்த மாடல் எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதை வைத்துக் கையேட்டை போனில் இறக்கினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மகளிடம் கொடுத்து, "இந்தப் பக்கத்த உன் டேப்ல பெருசாக்கிக் குடு" என்றேன். அது கேள்வி இல்லை, கட்டளை. அதனால் செய்தாள்.

கடைக்காரரை போனில் பிடித்தேன். "மாட்டிப் பாருங்கக்கா, பெரும்பாலும் ஒக்காந்துடும்" என்றார். மாட்டிப் பார்க்க இதென்ன செருப்பா? விரல் நீளத்துக்கு ஒரு பட்டைதான் அந்த டிரைவ், ஒரே மாதிரி இருக்கும் பட்டையில் இரண்டு ஜாதி. சிலதில் ஒரு வெட்டு, சிலதில் இரண்டு வெட்டு. தப்பான ஜாதி ஸ்லாட்டில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. எங்கள் போர்டு எதை ஏற்கும், எவ்வளவு நீளம், எந்த ஸ்லாட்டு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. அடுப்பை அணைக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டிரைவ் வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பார்த்து என் கையில் பெரிய வேலை. விபத்தில் முன்வரிசைப் பல்லெல்லாம் போன ஒரு செய்தி வாசிப்பாளர். ஒரு வாரம் உட்கார்ந்து இழைத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் மேடத்துக்கு அனுப்பியாக வேண்டும். காலையிலிருந்து அனுப்பப் பார்க்கிறேன், பாதி வரைக்கும் போய் மூச்சை விட்டுவிடுகிறது பழைய டிஸ்க். புதியதை மாட்டி, அதற்கு மாற்றி, அதிலிருந்து அனுப்பிவிடலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்தேன்.

டிரைவ் ஸ்லாட்டில் அம்சமாக உட்கார்ந்தது. திருகைப் போட்டேன். ஆன் செய்தேன். புது டிரைவ் பளிச்சென்று திரையில் தெரிந்தது. நான் பார்த்தது வீண் போகவில்லை என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் பார்த்தேன். பழைய டிஸ்க்கைக் காணோம்.

அணைத்து ஆன் செய்தேன். காணோம். கேபிளை அழுத்தினேன், பிடுங்கி அதே இடத்தில் திரும்பச் சொருகினேன். காணோம். நான் வடிவமைத்த ஒவ்வொரு பல்லும் அதற்குள்தான் இருந்தது. அன்றைக்கு அனுப்ப வேண்டியதற்கு வேறு எங்கேயும் நகல் இல்லை.

கணவர் எழுந்து வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "செத்துடுச்சு. நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

"நெனச்சீங்கல்ல? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால்கனியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மேடத்திடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தக் கேபிள வேற எடத்துல மாத்திச் சொருகிப் பாரேன்" என்றாள்.

"ஏன்?"

"நீ பெருசாக்கச் சொன்ன பக்கத்துல அடியில பொடியா ஒண்ணு போட்டிருந்துச்சு. இந்த ஸ்லாட்ல டிரைவ் மாட்டினா, கேபிள் சொருகற அஞ்சாவது போர்ட்டும் ஆறாவது போர்ட்டும் வேல செய்யாதாம். ஸ்லாட்டுக்கும் அதுங்களுக்கும் ஒரே வழியாம்."

நான் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். என் பற்கள் ஐந்தாவது போர்ட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. புதியது பொருந்துமா என்று மண்டை காயப் பார்த்தேனே தவிர, அதற்காக எது வாயை மூடிக்கொள்ளும் என்று நான் பார்க்கவில்லை.

"பெருசாக்கிக் குடுத்த அன்னிக்கே படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நம்ம டிஸ்க் எந்த போர்ட்ல இருக்குன்னு கேட்டிருந்தா, நீயே தொறந்து பாருன்னிருப்ப. எனக்கு அசைன்மென்ட் இருந்துச்சும்மா."

திமிராகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

கேபிளைப் பிடுங்கி இரண்டாவது போர்ட்டில் சொருகினேன். பழைய டிஸ்க் உறுமிக்கொண்டு எழுந்தது. செய்தி வாசிப்பாளரின் பல் வரிசை முழுசாக இருந்தது. புது டிரைவுக்கு மாற்றினேன். அனுப்பினேன். தடங்கலில்லாமல் போய்ச் சேர்ந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். தூசி என்று நினைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்னைச் சமாதானப்படுத்தும் வேலை அவர்கள் தலையில் விழுந்திருக்கும்.

மேடம் கூப்பிட்டார். "வந்துடுச்சும்மா, வேல சுத்தமா இருக்கு. கம்ப்யூட்டர் சரியாயிடுச்சுல்ல? அப்ப நீ வீட்லயே இருந்து பண்ணு, அலைய வேணாம்."

இதற்காகத்தான் இத்தனை பாடும். சரி மேடம் என்று சொல்லிவிட்டு எழுந்து அரிசி களைந்திருக்கலாம்.

"இல்ல மேடம். திங்கக்கெழமலேருந்து நான் அங்கயே வந்துடறேன்."

"என்னம்மா திடீர்னு? ரெண்டு பஸ் மாறணுமே."

"பரவால்ல மேடம். பஸ்ல உக்காந்துதான வரப்போறேன். அங்க எனக்குப் பல்லு மட்டும்தான்."

போனை வைத்தேன். டீவி சத்தம் நின்றிருந்தது. கணவர் ரிமோட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"என்னது? நீ போயிட்டா அப்ப வீட்ட யாரு பாத்துக்கறது?"

மகள் சட்டென்று அவரைப் பார்த்தாள். "அப்பா..." என்றாள் பரிதாபமாக.

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. திறந்த வாய் அப்படியே இருந்தது. சிரித்திருக்கலாம், ஆனால் எனக்குத் தெம்பில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உள்ளே போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. எது எங்கே இருக்கிறது என்று என்னிடம் வந்து அவர் கேட்கவில்லை.