கால் ஒடிந்த எழுத்து

எவேலியோவை முகத்திலேயே சுட்டிருந்தார்கள். பட்டப்பகலில், சான் நிக்கோலாஸ் தெருவில் ஒரு தள்ளுவண்டியோரம் நின்று, உப்பும் தேனும் தடவிய சொந்தாதுரோ பழம் தின்றுகொண்டிருந்தவன். பிணவறைக்குப் போன நயீபே பலாந்தா, சட்டைப்பையில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பார்த்துத்தான் அது அவன் என்று சொன்னாள்.

இருவரும் சேர்ந்து நடத்திய இணையதளத்துக்கு 'எங்ரூதோ' என்று பெயர். சுவரொட்டிப் பசை என்று அர்த்தம். கலி நகரத்து சால்சா நடன விளம்பரங்கள், தீப்பெட்டிப் படங்கள், ரொட்டிக்கடைப் பலகைகள், பஸ்ஸின் பின்புறத்தில் பெயர் எழுதுகிறவர்களின் கைவண்ணம் என்று எவேலியோ எதையும் விடமாட்டான். யார் வரைந்தது, அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடி எழுதுவான். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் நயீபே திருத்தி ஏற்றுவாள்.

கடைசியாக அவன் எழுதியது ஒரு துண்டறிக்கையைப் பற்றி. கரும்பு வெட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்த வருடம், அவர்கள் வீட்டுக் கதவிடுக்குகளில் செருகப்பட்ட தாள் அது. சாகப்போகிறவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பலர் பிறகு கால்வாயில் மிதந்தார்கள். அந்தத் தாளின் தலைப்பில் இருந்த R எழுத்துக்குக் கால் ஒடிந்திருந்தது. அதே ஒடிந்த கால், அர்செனியோ கிரானோப்லெஸின் அச்சகத்தில் அடித்த நடன விளம்பரங்களிலும் இருந்தது. எவேலியோ இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான்.

"இதைப் போட்டுத்தான் ஆகணுமா?" என்று நயீபே கேட்டாள்.

"அந்தாளு பேரை நான் எழுதலையே. எழுத்தைத்தான் காட்டுறேன். கண்ணு இருக்கிறவன் பார்த்துக்கட்டும்."

அவனைப் புதைத்த பிறகு அவளுக்கும் மிரட்டல் வந்தது. தளத்தை அவள் மூடவில்லை. ஒவ்வொரு பக்கமாக நகலெடுத்துத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் சேர்க்கத் தொடங்கினாள். அந்த வேலை பாதியில் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மத்தியானம் இரண்டு பேர் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் நரைத்த மீசைக்காரன். மற்றவனுக்கு முப்பது வயதிருக்கும், தலையில் ஹெல்மெட்.

மீசைக்காரன் முதலில் ஹார்டு டிஸ்க்கைச் சுத்தியலால் தூளாக்கினான். பிறகு அவள் இடது கையை மேசைமேல் அழுத்திப் பிடித்தான்.

"டீச்சர், பாஸ்வேர்டு சொல்லிடுங்க. நான் டீச்சருங்களை மதிக்கிறவன்."

அவள் சொல்லவில்லை. சுண்டுவிரலில் சுத்தியல் விழுந்தது. அடுத்த விரலிலும் விழுந்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

ஹெல்மெட்காரன் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தான். மொத்தமாக அழிக்க அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அழித்தான். துண்டறிக்கை போனது. நடன விளம்பரங்கள் போயின. தரையில் கிடந்து நயீபே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவன் கை நின்றது.

"அண்ணே, இது எங்கப்பா."

"எது?"

"பஸ் பக்கத்துல பிரஷ் வச்சிட்டு நிக்கிறாரே, இவருதான். நான் சின்னவனா இருக்கிறப்பவே போயிட்டாரு. வீட்ல ஒரு போட்டோகூட இல்ல."

"அழி."

"ஒரு நிமிஷம்ணே."

மீசைக்காரன் துப்பாக்கிக் கட்டையால் அவன் காதில் அடித்தான். காது கிழிந்து ரத்தம் விசைப்பலகையில் ஒழுகியது. அவன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படம் பிடித்தான். பிறகு அழித்தான். மிச்சம் இருந்ததையும் அழித்தான்.

"அப்பாவைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்கான், டீச்சர்" என்றான் எழுந்தபடி. பிறகு பூட்ஸ் காலால் அவள் வலது கையை மிதித்து நொறுக்கினான்.

ஆஸ்பத்திரியில் வலது கைக்குள் கம்பிகள் வைத்தார்கள். துண்டறிக்கைக் கட்டுரை அழிந்துபோய்விடவில்லை. எவேலியோ செத்த அன்றே தொழிற்சங்கக்காரர்கள் அதை ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். அவன் ஆசை ஆசையாக எழுதிய மற்றவைதான் போயின. நயீபே வாசகர்களிடம் கேட்டாள். கீத்தோவிலிருந்து ஒருத்தி தீப்பெட்டிப் படங்களை அனுப்பினாள். பெரேய்ராவிலிருந்து ஒருவர் ரொட்டிக்கடைப் பலகைகளை அனுப்பினார். பாதிக்குமேல் திரும்பவில்லை.

ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து படங்கள் வந்தன. பஸ் கட்டுரை, முழுசாக. கீழே மூன்று வரி:

"எங்கப்பா பேரு ஓபெய்மர். அந்தாளு ஓபெமார்னு எழுதியிருக்கான். திரும்பப் போட்டா சரியாப் போடுங்க டீச்சர்."

நயீபே கோணிப்போன இடது கையால் கட்டுரையை வரிவரியாகத் தட்டினாள். பெயரைத் திருத்தினாள். மேலே எழுதியவர் எவேலியோ லுக்குமி என்று போட்டுத் தளத்தில் ஏற்றினாள். அதன்பின் அரசு வழக்கறிஞர் அம்மாளுக்குப் போன் செய்து அந்த எண்ணையும் நடந்ததையும் சொன்னாள்.

"அவன் கேட்டதையா போட்டீங்க?" என்றார் அந்த அம்மாள், நம்பமுடியாமல்.

"எவேலியோ எழுதுனதும்மா அது. தப்பு இருந்தா அவனுக்குப் பிடிக்காது."

ஹெல்மெட்காரனை ஒரு மெக்கானிக் கடையில் பிடித்தார்கள். விசாரணையில் கிரானோப்லெஸின் பெயரைச் சொன்னான். அதே வாரம் சிறைக் குளியலறையில் அவன் கழுத்தை அறுத்துப் போட்டார்கள். சொன்னது பதிவாகியிருந்ததால் கிரானோப்லெஸை அச்சகத்திலிருந்தே விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். மீசைக்காரன் இன்றுவரை அகப்படவில்லை. நயீபே கதவுக்கு இரும்புத் தாழ் போட்டுக்கொண்டு, தீப்பெட்டிப் படங்களை ஏற்ற ஆரம்பித்தாள்.