நிரம்பி வழிந்த பெயர்

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் பேராச்சி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. தென்காசிக்குக் கிழக்கே இருந்த அந்த நூல் மில்லில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தால் நிரந்தரம். அவள் பார்த்தது இருநூற்று அறுபத்துமூன்று. எண்பத்தெட்டாம் வருஷப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே சைபர் என்று வந்திருந்தது.

"எம்மா நீலா, ஒரு நாளு லீவு போடலயே. மெசினுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

எல்லாப் பெயரையும் கம்ப்யூட்டரில் அடித்தவள் நீலாதான்.

புரோகிராம் எழுதிய சாம்பசிவம் மதராஸிலிருந்து வந்து பார்த்தான். "பழைய புரோகிராம் கோபோல் மொழியில எழுதினது. பேரு நீளமா இருந்தா வெட்டிடும். இது சி மொழி. வேகமா முடிக்கும், ஆனா எடம் பத்துமான்னு பாக்காது. இருபத்தஞ்சு எழுத்தைத் தாண்டினா அடுத்த ஆளோட வரியில ஏறி உக்காந்து அங்க உள்ள நாள் கணக்கை அழிச்சிடும். எழுத்தை எண்ணிப் பாக்கச் சொல்லி நாமதான் எழுதணும். மேனேஜர் அவசரப்படுத்தினாரு, விட்டுட்டேன்."

மில்லில் கணபதிசுப்பிரமணியன்கள் இரண்டு பேர். ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாதே என்று நீலா ஊர்ப் பெயரையும் சேர்த்து அடித்திருந்தாள். கீழப்பாவூர்க்காரருக்கு அடுத்த வரி பேராச்சியுடையது.

நீலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜர் காந்திமதிநாதனைக் கையோடு கூட்டிவந்து, அவர் கண் முன்னாலேயே வேறொரு வரியில் நீளப் பெயரை அடித்துக் காட்டினாள். அதற்குக் கீழ் வரி ஆளின் நாட்கள் சைபராயின.

"பாத்தீங்களா சார், மெசினுதான் அழிக்குது."

"மெசினா அடிச்சுது? நீதான அடிச்ச."

"பழைய மஸ்டர் ரோல் நோட்டுல நாள் கணக்கு இருக்கும் சார்."

"கம்ப்யூட்டர் வந்தன்னைக்கே அதை எடைக்குப் போட்டாச்சு. பட்டியலு ஹெட் ஆபீசுக்கும் போயிட்டு. ஒண்ணு தப்புன்னா நானூறு பேரு கணக்கும் தப்பும்பான். கவனக்கொறைவுன்னு எழுதிக் குடு, ஒனக்கு வேலை இருக்கும்."

சாம்பசிவம் ஜன்னல் வழியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் குற்றாலத்தில் குளிக்க அவனுக்கு ஜீப் சொல்லியிருந்தார்கள்.

நீலாவின் சம்பளத்தில் வீட்டில் நாலு வயிறு. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எழுதிக் கொடுத்தாள்.

மேனேஜர் பெரிய மனசு பண்ணி மறுநாளே பேராச்சியை வேலைக்கு எடுத்துக்கொண்டார், புது ஆளாக.

"அத்தனை நாளும் எங்கம்மா போச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தில் பெருவிரலை அழுத்தினாள் பேராச்சி. நீலா எழுத்துகளை எண்ணி எண்ணி அவள் பெயரை அடித்தாள். வேலை பார்த்த நாட்கள் என்ற இடத்தில், ஒன்று.