மேசைக்கு அடியில் இரண்டு பேர்

சைரன் ஊதினால் விளக்கை அணைத்து, வீட்டுப் பத்திரங்களும் அடையாளக் காகிதங்களும் உள்ள பையை எடுத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் படுத்துவிட வேண்டும். விமானங்கள் குண்டு போட்ட எட்டு வருஷமும் இரண்டு ஓரகத்திகளின் உயிரைக் காப்பாற்றிய பாடம் அது. புது நாட்டில், இந்த மூன்றாம் மாடி வீட்டில், அதுவே எமனாக வந்து நின்றது.

போன வாரம் தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் கட்டடமே வாசலுக்கு இறங்கியது. இவர்கள் மட்டும் மேசைக்கு அடியில் ஒருத்தி மேல் ஒருத்தியாகக் கிடந்தார்கள். குனிந்து பார்த்த குடியிருப்பு அதிகாரி, மொழிபெயர்க்கும் பெண் மூலம் பதமாகத்தான் சொன்னாள். வரும் செவ்வாய்க்கிழமை இன்னொரு ஒத்திகை. அன்றைக்கும் நாலு நிமிஷத்தில் இறங்காவிட்டால் முதியோர் இல்லம்தான். ஒரே இடத்தில் இரண்டு கட்டில் காலி இல்லையாம், அதனால் ஆளுக்கொரு ஊர்.

இளையவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு, முப்பது வருஷம் அடுப்படிக்காக மல்லுக்கட்டி, புருஷன்மார் இருவரையும் ஒரே நாளில் பறிகொடுத்து, ஒரே படகில் வந்தவர்கள். சண்டை போடக்கூட இனி வேறு ஆள் ஏது?

வாரம் முழுக்கப் பயிற்சி. இளையவள் தட்டைக் கரண்டியால் அடித்து, "எழுந்திருங்கக்கா, வெளிய போகணும்" என்பாள்.

"வெளிய போனா செத்தோம்டி" என்று மேசைக்கு அடியிலிருந்து பதில் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை மணி அலறியது. இளையவளின் காலே மேசைப் பக்கம் திரும்பியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்தவள் வழக்கம்போல மேசைக்கு அடியில், பையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கெஞ்சியும் பலிக்கவில்லை, இழுத்தும் அசையவில்லை. நேரமோ ஓடுகிறது. இளையவள் சட்டென்று குனிந்து பையைப் பிடுங்கிக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள்.

"அடியே, பையைக் குடுடி. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொன்னேன், இவ வேண்டாம்னு."

வசவு மூன்று மாடியும் பின்னாலேயே இறங்கி வந்தது. வாசலில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாலு நிமிஷத்துக்குள் இறங்கியதாக இரண்டு பேருக்கும் குறி போட்டாள். இளையவள் அழுதே விட்டாள்.

மூத்தவள் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"இப்படி வெட்டவெளியில கூட்டமா நிக்கிறமே. மேலேருந்து பாத்தா தெரியாதா?"

"மேல ஒண்ணும் இல்லக்கா. நல்லா பாருங்க."

மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குள் போன பிறகும் மூத்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இளையவள் அவசரப்படுத்தாமல், அவள் கையைப் பிடித்தபடி தானும் பார்த்தாள்.