செவ்வாயில் யாரும் உட்காரவில்லை

சுவரில் நாற்பத்திரண்டு பேரை வரைந்திருந்தேன். திருப்பதியில் கோடை விடுமுறைக்குப் போட்ட பொருட்காட்சி. அதில் ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே அறுபதடி நீளச் சுவர் முழுக்க, செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் குடியேறி வாழும் ஊர். கண்ணாடிக் கூரை போட்ட வீடுகள், அவற்றுக்குள் கீரைத் தோட்டம், தூரத்தில் ராக்கெட் இறங்கும் மேடை, ஒரு ஓரமாகச் சின்னக் கோபுரம். கோபுரம் மட்டும் என் சொந்த விருப்பம். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் பெருமாள் வேண்டாமா? மற்றதெல்லாம் முதலாளி போனில் காட்டிய படங்களைப் பார்த்து வரைந்தது. வேலை தொடங்கிய அன்று சுவரின் கீழ் மூலையில் மஞ்சள் தடவிக் கும்பிட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொட்டேன்.

வேலை நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குக் கர்வம் இருந்தது. கொட்டகையைத் திறந்த இரண்டாம் நாளே அது போய்விட்டது.

சுவருக்கு முன்னால் செம்மண் கொட்டி, தெர்மோகோலில் மேடுபள்ளம் செய்து, அங்கங்கே எட்டுப் பேரை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளி நிற ரெக்சின் உடுப்பு, தலையில் கண்ணாடிக் குடம் மாதிரி ஒரு கவசம். டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக் கையாட்டுவதுதான் அவர்கள் வேலை. காலை பத்து மணியிலிருந்து மாலை ஏழு வரை. மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி பத்மினி. நகரிக்குப் பக்கத்தில் எல்லையோரக் கிராமம். தினமும் புத்தூரில் ரயிலேறி வருவாள். மார்ச் மாதம் கரும்பு லோடிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, புத்தூரில் மூங்கில் பட்டை வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். பிரித்துப் பிரித்துக் கட்டியதில் மூன்றாவது கட்டு இன்னும் காலில் இருந்தது. உடுப்பு தொளதொளவென்று இருந்ததால் வெளியே தெரியவில்லை. கால்சட்டையின் உள்துணி கட்டை இறுக்குகிறது, அதன் தையலைக் கொஞ்சம் பிரித்துக் கொடு என்று என்னிடம் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

"இந்தக் காலை வெச்சிக்கினு ஏம்மா இந்த வேலைக்கு வந்த?"

"நடக்கலாம், நின்னுக்கினே இருக்கக் கூடாதுன்னுதான் கட்டு கட்னவரு சொன்னாரு ணா. இங்க பொம்மை வேலைன்னு சொல்லிக் கூப்ட்டாங்க. பொம்மைன்னா உக்காந்துதானே இருக்கும்னு வந்துட்டேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மதியம் டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து, கீரைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் இருக்கும். மேனேஜர் ஜெயபிரகாஷ் வந்துவிட்டான். முப்பது வயதுக்காரன், கழுத்தில் எப்போதும் ஒரு அடையாள அட்டை தொங்கும்.

"ஏமம்மா, எந்தக் கிரகத்துல பிளாஸ்டிக் ஸ்டூலைப் பாத்த நீ?"

"கீரை இருக்குது, கோபுரம் இருக்குது, பின்னாடி கூலர் ஓடுது. ஸ்டூல் மட்டும் செவ்வாய்க்கு வராதா சார்?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சுவத்தைப் பாரு. பெயிண்டர் எத்தனை பேரைப் போட்டிருக்காரு? ஒருத்தராவது உக்காந்திருக்காங்களா? அதே மாதிரி நில்லு. அதான் கான்செப்ட்."

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனான். அதன்மேல் தன் சாப்பாட்டுக் கேரியரை வைத்துக்கொண்டான். கதவு திறந்திருந்ததால் எனக்கும் தெரிந்தது, பத்மினிக்கும் தெரிந்தது.

நான் அப்போது ஏணிமேல் இருந்தேன். சுவரில் கிழக்குப் பக்க வானம் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை யாரோ பெரிய ஆள் பார்க்க வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தூரிகையைப் பிடித்தபடியே தலையைத் திருப்பி என் சுவரைப் பார்த்தேன்.

அவன் சொன்னது உண்மை. நாற்பத்திரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒல்லியாக, நிமிர்ந்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு. ஒருவரும் குந்தியிருக்கவில்லை. ஒருவரும் சுவரில் சாய்ந்திருக்கவில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் இல்லை. கோடிக்கணக்கான மைல் தாண்டி வந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் கால் வலிக்கவில்லை. கண்ணாடி வீடு வரைந்தேன், விளக்கு வரைந்தேன், கீரையில் பனித்துளிகூட வரைந்தேன். வேலை செய்து களைத்த மனிதர் உட்கார ஒரு இடம் வரையவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது என் சுவரையே சாட்சியாகக் காட்டி ஒரு பெண்ணை நிற்கச் சொல்கிறான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன்மேலும் கோபம், என்மேலும் கோபம்.

ஆனால் நான் சண்டைக்காரன் இல்லை. செங்கல்வராயன் என்கிற நான் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்துவிட்டால் போதும், அதற்குச் சண்டை எதற்கு என்று நினைக்கிற ஆள் நான். மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து ஒரு பாறை செய்தேன். உள்ளே பிளைவுட் பெட்டி, ஒரு ஆள் பாரம் தாங்கும். மேலே பிளாஸ்டரில் நனைத்த கோணிச் சாக்கு, அதன்மேல் காவி நிறம். பத்மினியின் முழங்கால் உயரத்துக்குச் சரியாக இருந்தது. அவள் நிற்கிற இடத்திலேயே வைத்தேன்.

ஜெயபிரகாஷ் பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தான். "சூப்பர் பெயிண்டர்! இது இல்லாமதான் என்னமோ குறையா இருந்துது."

பத்மினி அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையாட்டினாள். ஒன்றரை மணி நேரம். கவசத்துக்குள் அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தது தெரிந்தது. கோவிந்தா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வானத்துக்கு நிறம் கலக்கப் போனேன். அங்கே பகலில் வானம் நீலம் இல்லையாம், காவியும் மஞ்சளும் பாலும் கலந்த மாதிரி இருக்குமாம். அதை எந்த டப்பாவிலும் வாங்க முடியாது. கண்ணால்தான் கலக்கவேண்டும்.

திரும்பி வந்தபோது பாறைமேல் ஒரு சின்னக் குடும்பம் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பத்மினி பக்கத்தில் நின்றிருந்தாள். அடுத்த குடும்பம் காத்திருந்தது. ஜெயபிரகாஷ் கண்ணில் இது பட்டது. மதியம் மூன்று மணிக்குள் மூன்று மொழியில் ஒரு பலகை வந்துவிட்டது: செல்ஃபி பாறை. அவளுக்கு ஒரு புது வேலையும் வந்தது. பாறையில் உட்காருகிறவர்களுக்குப் பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவள் உட்காரட்டும் என்று நான் செய்த இடத்தில் அன்று எத்தனை பேர் உட்கார்ந்தார்களோ. அத்தனை பேருக்கும் பக்கத்தில் அவள் நின்றாள். சாயங்காலம் பார்த்தேன், கட்டுக்குக் கீழே பாதம் வீங்கி, செருப்பு ஏறவில்லை.

"ரெண்டு நாளைக்கு வராதம்மா" என்றேன்.

"வராம இருந்தா அவ்ளோதான் ணா. ரோஜாக்கா ஒரு நாள் காய்ச்சல்னு சொல்லிச்சு. மறுநாள் அந்த உடுப்புக்குள்ள வேற ஆளு. என் பொண்ண பாலிடெக்னிக்ல சேக்கணும், இது முடியற வரைக்கும் இருந்தாகணும்." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்தது. என்மேல்தான்.

"நீ ஏன் ணா அதைப் பாறை மாதிரி செஞ்ச?"

"அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு..."

"ஏன் தெரியக் கூடாது? நான் என்னா திருடியா? நாற்காலியாவே செஞ்சி வெச்சிருந்தா, எதுக்குன்னு கேட்டிருப்பான். உக்காரறதுக்குன்னு நானு சொல்லியிருப்பேன். அப்பவே ரெண்டுல ஒண்ணு ஆயிருக்கும். ஒளிச்சிக் குடுத்ததாலதான் அவன் எடுத்துக்கினான்."

நொண்டிக்கொண்டே ரயிலுக்குப் போனாள். நல்லது செய்கிறேன் என்று நான் என் பயத்தைத்தான் பூசி மெழுகியிருந்தேன்.

சனிக்கிழமை கூட்டம் அதிகம். குப்பம் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாறைக்கு முன்னால் நின்றது. மகன், மருமகள், அம்மா. அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலையில்தான் மலையிலிருந்து இறங்கியிருக்கிறார்கள். மொட்டையடித்த தலையில் சந்தனம் இன்னும் உதிரவில்லை. மகன் போனை நீட்டி, "சுந்தரம்மா மேடம், செவ்வாய் கிரகத்துல உக்காந்துக்கினு கொஞ்சம் சிரிங்க" என்று கிண்டல் செய்தான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, பக்கத்தில் நிற்கிறவளை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஏம்மா, உனக்குக் காலு நடுங்குதே?"

பத்மினி கட்டைவிரலைத் தூக்கியபடியே நின்றாள். கவசத்துக்குள் முகம் முழுக்க வேர்வை.

அந்த அம்மா எழுந்துவிட்டாள். "நீ உக்காரு. நான் நின்னுக்கறேன். டேய், இப்ப எடு போட்டோ."

ஜெயபிரகாஷ் ஓடிவந்தான். "அம்மா, அது ஸ்டாஃப். அவங்க உக்காரக் கூடாது. நீங்க உக்காருங்க."

"ஏன் கூடாது?"

"செவ்வாயில அப்படித்தாம்மா. கான்செப்ட்."

"நைனா, இங்க பாரு." அந்த அம்மா தன் மொட்டைத் தலையைத் தொட்டுக் காட்டினாள். "நேத்து பதினோரு மணி நேரம் பெருமாளைப் பாக்கக் காத்துக்கினு இருந்தேன். என்னை நிக்க வெச்சா கொன்னாங்க? கூடத்துல உக்கார வெச்சாங்க. பால் குடுத்தாங்க, உப்புமா குடுத்தாங்க. அந்த ஏழுமலையான் வாசல்லயே மனுசன் உக்காரலாம். உன் செவ்வாய் அதுக்கும் மேலயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. "க்யூ நிக்குதும்மா, மத்தவங்களுக்கு லேட் ஆவுது..."

"எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அந்த அம்மா பத்மினியின் தோளைப் பிடித்துப் பாறைமேல் உட்கார வைத்தாள். கவசத்தை இரண்டு கையாலும் கழற்றி மண்ணில் வைத்தாள். தன் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் தண்ணீரை ஊற்றினாள். "காலை நீட்டு" என்றாள். பத்மினி நீட்டினாள். உடுப்பு மேலே ஏறி, கட்டு வெளியே தெரிந்தது. மூங்கில் பட்டை, மஞ்சளான துணி, அதன் கீழே உப்பிய பாதம்.

ஜெயபிரகாஷ் குனிந்து கட்டைப் பார்த்தான்.

"கால் உடைஞ்சதை மறைச்சியா? நாளையிலேர்ந்து வராத. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அவன் முன்னால் நின்றபோதும் தூரிகை கையில் இருந்தது, வானத்து நிறம் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. குரல் பிசிறியது.

"யாரைய்யா வரவேணாங்கற? ஸ்டூல் போட்டு உக்காந்தா பிடுங்கிக்கினு போயி உன் கேரியரை உக்கார வெச்ச. பாறை வெச்சா ஊரையே உக்கார வெச்ச. அவளை மட்டும் நிக்க வெச்ச. வெக்கமா இல்ல உனக்கு?"

"பெயிண்டர், உன் வேலையைப் பாரு..."

"பாக்க மாட்டேன். கிழக்குப் பக்கம் வானம் பன்னெண்டு அடி பாக்கி இருக்குது. நாளைக்குப் பெரிய ஆளு வராரு. இந்தப் பொண்ணு இங்கதான் வேலை செய்யும். எட்டுப் பேருக்கும் எட்டு ஸ்டூல் இங்க வரணும், எல்லாரும் பாக்கற மாதிரி. வந்தப்புறம்தான் வானம்."

"வேற பெயிண்டரைக் கூப்ட்டுக்கறேன்."

"கூப்புடு. இந்த நிறம் என் கண்ணுல இருக்குது. வேற ஆளு அடிச்சா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கும்."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் சுந்தரம்மா பையிலிருந்து ஒரு லட்டை எடுத்துப் பிட்டுப் பத்மினிக்குக் கொடுத்தாள், எனக்குக் கொடுத்தாள், வெள்ளி உடுப்புக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். கடைசியாக ஒரு துண்டை ஜெயபிரகாஷிடம் நீட்டினாள்.

"இந்தா, துன்னு. நீயும் காலையிலேர்ந்து நின்னுக்கினுதானே இருக்கற."

பிரசாதம். வேண்டாம் என்று சொல்ல திருப்பதியில் பிறந்தவனுக்கு வாய் வருமா? இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். வாயில் போட்டுக்கொண்டான். அதை மென்று முடிக்கும்வரை அவனால் யாரையும் வையமுடியவில்லை. முடித்த பிறகும் வையவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த அம்மாவுக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். என்னால் அந்தத் துண்டை அவனுக்குக் கொடுத்திருக்க முடியாது.

முக்கால் மணி நேரத்தில் ஸ்டூல்கள் வந்தன. ஒரு பையன் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கி வந்தான். ஜெயபிரகாஷ் பின்னாலேயே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அந்தப் பொண்ணு இங்கியே வேலை செய்யட்டும். முதலாளி சொல்லிட்டாரு."

நான் எண்ணினேன். நான்கு.

"மீதி திங்கக்கிழமை" என்றான். "மாத்தி மாத்தி உக்காரட்டும்."

பத்மினி ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்தாள். சுவரில் நிற்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் நேர் எதிரே, செம்மண்ணில், சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில். கவசத்தை மாட்டிக்கொள்ளவில்லை. மற்ற ஏழு பேரில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நான்கு பேர் நின்றார்கள்.

நான் ஏணியில் ஏறி வானம் அடித்தேன். ஆறு அடி அடித்ததும் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டு, தூரிகையைத் தண்ணீர் டப்பாவில் போட்டேன். அதற்கு அப்புறம் வெறும் வெள்ளைச் சுவர்.

கீழேயிருந்து ஜெயபிரகாஷ் கத்தினான். "பெயிண்டர்! மீதி எங்கய்யா?"

நான் வாய் திறப்பதற்குள் பத்மினி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"அதுவும் திங்கக்கிழமை சார்."