இன்பமணி எழுந்துபோன இலை

நெடுங்கால் ஊரில் சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுவார்கள். மாட்டுக்கும் டிராக்டருக்கும் சந்தனம் பூசி, வருஷத்தின் முதல் உழவை உழுது, விதை தூவுவார்கள். அப்புறம் புது அரிசியைப் பொங்கி, வயலோரப் பந்தலில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். விருந்தாளிகளுக்கு முதல் பந்தி. ஊர்க்காரர்கள் பரிமாறி முடித்துவிட்டுக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். எல்லா ஊரிலும் உள்ளதுதானே என்பீர்கள், என் கண்ணுகளா. இன்பமணிக்கு அன்றைக்கு இதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இல்லை.

அவள் மாஞ்சோலையில் பிறந்து, அங்கேயே தேயிலைக் கொழுந்து கிள்ளி விரல் காய்த்தவள். எஸ்டேட் வேலை இல்லையென்று ஆனபிறகு, மலையிறங்கிய சனங்களோடு இறங்கி நெடுங்காலில் வாடகைக்கு வீடு பிடித்தாள். இது ரெண்டாம் சித்திரை. போன சித்திரைக்கு மூட்டைகளைப் பிரிக்கவே மனசில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

புருஷன் செந்தூர்பாண்டிக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. அங்கேயே குடியிருக்க வீடு தருகிறார்களாம். திருவிழா அன்று சாயங்காலத்துக்குள் சாவியை வாங்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

“நெடுங்கால்ல நமக்கு யாரு இருக்கா? விருந்தாளி எத்தனை நாளைக்கு இருப்பான்? வந்துரு” என்றான் போனில்.

“சித்திரை விசு கழியட்டும். இந்த ஊரு நம்மள என்னன்னு நெனைக்குன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்.”

பார்க்கத்தான் பார்த்தாள். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

முந்தின நாள் பெண்பிள்ளைகள் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய்ப் பொங்கலுக்கு அரிசி வாங்கினார்கள். இன்பமணியும் கடை அரிசியை ஒரு படி அளந்துகொண்டு வாசலில் நின்றாள். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். வயல் இல்லாத வீட்டில் கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்றா? இல்லை, அந்த வீடு ஊர்க்கணக்கிலேயே இல்லை என்றா? சரி, விருந்தாளிதான் என்று அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினாள்.

விடிந்ததும் வயலில் வேறு மாதிரி. விழாவை முன்நின்று நடத்துகிற ஆவுடைநாயகம் அண்ணாச்சி, ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் விதைப்பெட்டியை நீட்டிக்கொண்டு வந்தவர், அவளிடமும் நீட்டினார். “நீயும் எடும்மா.” இன்பமணி ரெண்டு விரலால் கொஞ்சம் எடுத்துப் பூப்போல மண்ணில் வைத்தாள்.

பக்கத்து வீட்டு முத்துராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏளா, இது நெல்லு! கொழுந்துன்னு நெனச்சியா கிள்ளிக்கிட்டு நிக்கதுக்கு? கைநெறைய அள்ளி வீசுட்டி!”

எல்லாரும் சிரித்தார்கள். இன்பமணியும் சிரித்தாள். அப்புறம்தான் யோசித்தாள்: கேலியை வெளியாளிடம் செய்வார்களா, வேண்டியவளிடம் செய்வார்களா? ரெண்டு பேரிடமும்தான் செய்வார்கள். இதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிக்க?

பந்தலில் உளுந்தஞ்சோறு ஆவி பறந்தது. எள்ளுத் துவையலும் அவியலும் வாளி வாளியாக வந்தன. திருநெல்வேலியிலிருந்து காரில் வந்தவர்கள் சாப்பிடும் முன்னே சோற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். முத்துராணி ஓடிவந்து இன்பமணியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க, உக்காருங்க.”

வயலில் ‘ஏளா’ என்றவள் பந்தலில் ‘வாங்க’ என்கிறாள்!

“நான் பெறகு சாப்பிடுதேன் மதினி.”

“அதெல்லாம் பேசப்பிடாது. உங்களை மொதப் பந்தியில உக்கார வைக்கணும்னு நேத்தே அண்ணாச்சிட்ட சொல்லி வச்சிட்டேன்.”

நேத்தே சொன்னாளாம். அது பாசமா, ஒதுக்கமா என்று நினைத்து முடிக்குமுன் இலையில் சோறு விழுந்துவிட்டது. பக்கத்தில் தச்சநல்லூர் வியாபாரி ஒருவர், நல்ல மனுஷன், பேச்சுக் கொடுத்தார்.

“எந்த ஊரும்மா?”

மாஞ்சோலை என்று சொல்ல வாயெடுத்தாள். அங்கே இப்போது அவளுக்கு என்ன இருக்கிறது? நெடுங்கால் என்றால், இந்தப் பந்தியில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டால்?

“இங்கனதான்” என்றாள்.

“இங்கனன்னா?”

இன்பமணி எழுந்துவிட்டாள். நேரே போய் முத்துராணியின் கையிலிருந்த துவையல் வாளியைப் பிடித்தாள்.

“என்ன எந்திரிச்சிட்டிய?”

“நான் வெளம்புதேன் மதினி.”

முத்துராணியின் முகம் சுண்டிவிட்டது. “சோறு போட்ட எலைய விட்டு எந்திரிப்பாவளா? இத்தனை சனத்துக்கு முன்ன இப்படிச் செய்ய, நாங்க என்ன கொறை வச்சோம்?”

“கொறை ஒண்ணும் இல்ல மதினி...”

“ரெண்டு பேரும் என்னத்துக்கு நிக்கிய? எலையப் பாருங்க!” என்று அண்ணாச்சி அதட்டினார். வாளியை விட்டுவிட்டு முத்துராணி போய்விட்டாள்.

அப்புறம் மூன்று பந்தி. இன்பமணி குனிந்து குனிந்து பரிமாறினாள். எதிரே வந்தபோதெல்லாம் முத்துராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசிப் பந்தியில் ஊர்க்காரர்களோடு இன்பமணியும் உட்கார்ந்தாள். பாயசம் கொண்டுவந்த முத்துராணி அவள் இலையை மட்டும் தாண்டிப் போனாள். ரெண்டு இலை தள்ளிப் போய் நின்றாள். திரும்பி வந்து, ரெண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள். பாயசம் இலையை விட்டு வழிந்து ஓடியது. கோபத்தில் ஊற்றினாளா, பிரியத்தில் ஊற்றினாளா?

கை கழுவும்போது செந்தூர்பாண்டியின் போன் வந்தது.

“என்ன சொல்லுத? சாவி வாங்கிரட்டா?”

“முத்துராணி மதினிக்கு எம்மேல பெரிய கோவம்.”

“நான் என்ன கேக்கேன், நீ என்ன சொல்லுத?”

“எலைய விட்டு எந்திரிச்சிட்டேன்லா. மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. நாளைக்கும் பேசமாட்டா போல. இதைத் தீக்காம நான் எங்கன வர?”

“அப்ப வரலங்கியா?”

“அது எனக்குத் தெரியல. நீங்க சாவிய வாங்காதிய.”

அவன் இன்னும் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் முத்துராணி அண்டாவை உருட்டிக்கொண்டு ஆற்றுப் படித்துறைக்கு இறங்குவது தெரிந்தது. இன்பமணி போனை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

“மதினி...”

முத்துராணி அண்டாவைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்பமணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒரு பிடி தேங்காய் நாரை எடுத்து அண்டாவின் மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தாள்.

“அங்கன தேய்க்காத. அதை நான் தேச்சாச்சு” என்றாள் முத்துராணி, தலை நிமிராமல்.

பேசிவிட்டாளா, திட்டினாளா? அதுவும் பிடிபடவில்லை. இன்பமணி கையை மாற்றி, அடிப்பக்கத்துக் கரியைத் தேய்த்தாள்.