ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர்

...இன்னும் கொஞ்சம் பெரிதாக என்கிறார் டாக்டர், அம்மா திறக்கிறாள், சிரிக்கும்போதுகூட முந்தானையால் மறைத்துக்கொள்ளும் வாயை ஊர்ப் பெண்கள் எல்லார் எதிரிலும் திறந்து காட்டுகிறாள், எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் புயல் பாதுகாப்புக் கூடத்தின் சிமெண்டுத் தரையைப் பார்க்கிறேன், நிமிரும்போது டார்ச் வெளிச்சம் இடது கன்னத்தின் உள்பக்கம் போய் நின்றிருக்கிறது. முத்தம்மாள் அத்தைக்கு இவ்வளவு நேரம் நிற்கவில்லை. அப்படியென்றால் பார்த்துவிட்டார். போன மழைக்கு முன்பிருந்தே இருக்கும் புண், முதலில் வெள்ளையாக இருந்தது, இப்போது ஓரம் சிவந்து தடித்திருக்கிறது, கடையில் தொங்கும் புகையிலைப் பொட்டலத்தில் ஒரு வாயின் படம் போட்டிருப்பார்களே, அது மாதிரியே, நான் அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டேன். அம்மாவோ பறி உரசின புண் என்கிறாள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவளுக்கு, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பிடிக்க வேறு கை ஏது, ஓலை விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பொழுதெல்லாம் நடக்க வேண்டும், இடது பக்கம் வலித்ததும் வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான் அவள் பார்த்த வைத்தியம். சோற்றை மெல்லாமல் கரைத்து விழுங்குவது எனக்கு மட்டும்தான் தெரியும்...

யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், சீட்டு எல்லார் எதிரிலும்தான் எடுத்தார்கள். ஆராய்ச்சி செய்ய வந்த மோகனப்பிரியா மேடம் போன தடவை இரண்டு ஊர்ப் பெயரை எழுதிப் போட்டு, ஒரு ஊருக்குத்தான் இந்த உதவி, இடுப்பில் கட்டிக்கொள்கிற இறால் பையும் வாராவாரம் டாக்டரும் என்றார், நம்ம பெரியாளு எல்லப்பன் மாமாதான் கையை விட்டு எடுத்தார், எதிர்க்கரை ஊர் வந்தது. யாராவது முகம் சுளித்தார்களா, இல்லையே, ஏரியில் வலை போடுகிற இடத்துக்குச் சீட்டுப் போட்டுப் போட்டுப் பழகின சனம், இன்றைக்குச் சேற்றுமூலை விழுந்தவனுக்கு நாளைக்கு முகத்துவாரம் வரும், அதுதானே பாடு, முறை சுற்றித்தானே ஆக வேண்டும். "இன்னா இப்போ, இந்த தபா அவங்க பாடு, அடுத்த தபா நம்ம பாடு"ன்னு மாமா சொன்னதும் பெண்கள் கைகூடத் தட்டினார்கள். மேடம் சிரித்தார். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எவ்வளவு அழகா பகிர்ந்துக்கறாங்க என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இன்று காலை போனில் அதே சிரிப்போடு பேசினார், நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், பேசாத பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பது யாருக்கும் உறைக்காது. "இல்ல சார், இவங்களுக்கு எதுவும் குடுக்கப் போறதில்ல, அளந்துட்டே வருவோம், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஊர் வேணும்ல, அதோட ப்ராஜெக்டும் முடிஞ்சிடும்." முடிந்துவிடும். அப்படியென்றால் முறை என்று ஒன்று இல்லவே இல்லை. எதிர்க்கரைப் பெண்களின் வாய் ஆறிக்கொண்டு வருவது தெரிய வேண்டுமென்றால் எங்கள் வாய் ஆறாமல் இருக்க வேண்டும், அம்மாவின் புண் பெரிதாகப் பெரிதாக அந்தக் கணக்கு நன்றாக வரும்... இதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா, ஒன்பதாவதோடு நின்றவளுக்கு என்ன புரியும், ஆனால் இது புரிகிறதே.

இப்போது எழுந்து சொல்லலாம். எழுந்தால் எல்லாரும் திரும்புவார்கள். பாடம் வாசிக்கச் சொல்லி எழுப்பி, குரல் வராமல் நின்று, பின்பெஞ்சுக்காரிகள் மீனு வாய திறக்குது பாரு என்று சொல்லிச் சொல்லித்தானே பள்ளிக்கூடத்தையே விட்டேன், இங்கே மட்டும் எப்படி வந்துவிடும்... டாக்டர் டார்ச்சை அணைக்கிறார். குரலைத் தாழ்த்தி, "பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிடுங்கம்மா" என்கிறார். சொல்லிவிட்டார், நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா முந்தானையை வாய்க்கு இழுத்துக்கொண்டே சிரிக்கிறாள். "அங்க போயி வரிசையில நின்னு சாவறதுக்கா? அதான் அடுத்த பாட்டுக்கு நீங்களே வரப்போறீங்களே, சார்." முத்தம்மாள் அத்தை, "ஜெசிந்தாவுக்கு டாக்டரு வூட்டாண்டயே வரணும், மகாராணி" என்கிறாள், கூடமே சிரிக்கிறது. டாக்டர் மேடத்தைப் பார்க்கிறார். மேடம் டேப்லெட்டைப் பார்க்கிறார். அடுத்தவங்க வாங்க என்கிறார் டாக்டர்.

வெளியே வெயில், கருவாட்டுக்கு விரித்த வலைகளைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறோம், சொல்லிவிட வேண்டியதுதான், இங்கே யாரும் இல்லை, அம்மா மட்டும்தான், அம்மாவிடம்கூடவா குரல் வராது. நைனா போன பிறகு எங்களுக்கு ஏரியில் பாடே கிடையாது, ஆண் இல்லாத வீட்டுக்குச் சீட்டில் பெயர் எழுதமாட்டார்கள், சுற்றிச் சுற்றி வருகிற முறை எங்கள் வாசலுக்கு மட்டும் வராமலே போகும், இந்தச் சீட்டில்தான் ஊரோடு நாமும் ஒன்று என்று அவள் உடம்பு பூரித்துப் போயிருக்கிறாள், நடையிலேயே தெரிகிறது. "ஏ பெனிட்டா, காலையிலேர்ந்து அவங்களாண்டதானே குந்திகினு இருந்த, நம்ம பாடு எப்போன்னு இன்னா பேசிக்கினாங்க?" என்கிறாள். உண்மையைச் சொன்னால் திட்டுவாள், அழுவாள், ஆனால் நாளைக்கே பஸ் ஏறிவிடுவாள், எனக்குத் தெரியும். "மழைக்கு அப்புறம்னு பேசிக்கினாங்கம்மா" என்கிறேன். குரல் தடுமாறவே இல்லை. இவ்வளவு தெளிவாக நான் பேசி எவ்வளவு காலமாயிற்று... "மழ கழிச்சா, பரவால்ல, அதுவரிக்கும் தாங்கும்" என்று அம்மா எட்டி நடக்கிறாள், இறால் நேரம் தவறிவிடுமாம். ஏன் அப்படிச் சொன்னேன். அவள் முகத்துக்காகவா, அழுகிறவளைத் தேற்றத் தெரியாதே என்பதற்காகவா. மேடம் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தார். டாக்டர்கூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அம்மாவைப் பட்டணத்து பஸ்ஸில் ஏறவிடாமல் செய்தது இப்போது அவர்கள் இல்லை. அவள் இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை, கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம்தான்...